அசையாத கடலின் முன் ஒரு பேச்சு

போன மாரி மழைக்குச் சற்று முன்னர் ரவீந்திரன் உப்புவெளியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மாவட்ட அலுவலகத்தின் அனர்த்தப் பிரிவில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவர் அவர். புயல், வெள்ளம் என்று அறிவித்தல் வந்தால் கரையோரச் சனத்திடம் போய், வீட்டை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு வரும்படி கேட்பதுதான் அந்தப் பிரிவின் முக்கியமான வேலை. ஓய்வுபெற்றவனை நலம் விசாரிக்க வந்தாராக்கும் என்று நினைத்தேன். அவர் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"சேர், இப்ப எல்லாற்ற ஃபோனுக்கும் ஒரே நேரத்தில செய்தி போகுது. வாசிச்சவை எண்டும் காட்டுது. ஆனா ஒருத்தரும் அசையினமில்லை. நீங்கள் எப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

ஒரு ரீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அடங்குகிற பதில் அல்ல அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பேச்சுக்குப் பிறந்தவன் இல்லை. இளமையில் பங்குக் கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிற ஆள். எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்து, கோப்புகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு பல வருடங்களை நிம்மதியாகக் கழித்தேன். அனர்த்தப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டபோது அலுவலகத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. எனக்கு மட்டும் காரணம் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை. கொழும்பில் இரண்டு பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஒரு பையும் ஒரு பேனையும் தந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. பயிற்சி பற்றி அதற்கு மேல் எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

உண்மையான பயிற்சி என் முதல் பேச்சோடு தொடங்கியது. உப்புவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டம். "இயற்கை அனர்த்தங்களும் எமது கடமைகளும்" என்று தலைப்புப் போட்டு, நல்ல செந்தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதிபர், கிராம உத்தியோகத்தர், பங்குத்தந்தை, பள்ளிவாசல் தலைவர், சங்கத் தலைவர்கள், தாய்மார்கள், இளைஞர்கள் என்று ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிக்கிற நேரத்தில் முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அந்தத் தாயைப் பார்த்து இன்னும் நாலைந்து தாய்மார், கையில் குழந்தை இல்லாதவர்களும்கூட, எழும்பிப் போனார்கள்.

கடைசி வரிசையில் இருந்தவர் என் மேலதிகாரி றிஸ்வியா மிஸ். கிண்ணியாவைச் சேர்ந்தவர், என்னைவிட எட்டொன்பது வயது இளையவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆளைப் பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். ஒரு காரியம் ஒழுங்காக நடந்தால் "சரி" என்பார். நடக்காவிட்டால் ஒரு கேள்வி கேட்பார். அன்று அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வாகனத்துக்குத் திரும்பியதும், மரநிழலில் அதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் முனாஸிடம் போனது.

"முனாஸ், சேர் என்ன பேசினாரு?"

"எல்லாரையும் வரவேற்றாரு மிஸ். பிறகு தாழமுக்கம் எண்டாரு. பிறகு மைக் இரைஞ்சிச்சு."

"புயல் வந்தா சனம் என்ன செய்யணும் எண்டு சொன்னாரா?"

முனாஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சொல்லி இருப்பாரு மிஸ். எனக்குத்தான் விளங்கல்ல."

"முனாஸுக்கு விளங்காட்டி சனத்துக்கும் விளங்காது," என்றார் றிஸ்வியா மிஸ். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அதுதான் என் பரீட்சை. எந்தக் கூட்டம் முடிந்து வந்தாலும், அரைக் காதோடு கேட்டுக்கொண்டிருந்த முனாஸ் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது எதுவோ அதுதான் நான் பேசியது. மிச்சமெல்லாம் நான் எனக்காகப் பேசியது. முதல் சில மாதங்களில் முனாஸ் என் பேச்சிலிருந்து ஒரு வசனத்தைத் தாண்டி எதையும் கொண்டுவரவில்லை. பிறகு அந்த ஒரு வசனம் எது என்று நானே தீர்மானிக்கப் பழகினேன்.

றிஸ்வியா மிஸ் வேலை செய்யும் விதமே தனி. கூட்டத்துக்குப் போனால் முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். எங்கள் கரையில் காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து வரும். சனத்தைக் கடல் பார்க்க இருத்தினால் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்பார்கள். கண்ணைச் சுருக்குகிறவன் மனத்தையும் சுருக்கிக்கொள்வான் என்பது அவருடைய கணக்கு. ஆகவே வெயிலை நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று எங்களிடமிருந்து சனத்தின் பக்கம் வீசினால் ஒலிபெருக்கியே வேண்டாம் என்பார். மேடை கட்டியிருந்தால் அதிலிருந்து இறங்கி நிற்கச் சொல்வார்.

பேச்சின் அடிப்படை பற்றி அவர் எனக்கு விரிவாகச் சொன்னது ஒரே ஒரு முறைதான். இறக்கக்கண்டியில் பாலத்தைத் தாண்டி ஒரு தேத்தண்ணீர்க் கடையில் நின்றபோது.

"நீங்க எழும்பி நிண்டதும் சனம் மூணு கேள்வி கேட்கும். வாயால இல்ல, கண்ணால. நீங்க ஆரு? இது எங்கட பிரச்சினையா? இப்ப நாங்க என்ன செய்யணும்? மூணுக்கும் பதில் இல்லாட்டி இறங்கி வந்திருங்க. இன்னொண்டும் இருக்கு. அவங்கட மனசுல ஒரு மறுப்பு இருக்கும். அத அவங்க சொல்ல முந்தி நீங்களே சொல்லிருங்க. அவங்கள விட நல்லாச் சொல்லுங்க."

பெரிய பெரிய புத்தகங்களில் இவற்றுக்கெல்லாம் பெயர்கள் உண்டு என்று பின்னாளில் அறிந்தேன். எனக்கு அவை பிளேன் ரீயோடும் ஒரு வடையோடும் கிடைத்தன.

ஒரு நாள் வாகனம் இல்லை, குச்சவெளிக்கு பஸ்ஸில் போங்கள் என்றார். கூடவே ஒரு வேலையும் தந்தார். பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குகிற சனத்தை உள்ளே போகவைக்க வேண்டும். கத்தக் கூடாது, அரசாங்க உத்தியோகத்தர் என்று சொல்லவும் கூடாது.

வாசலில் சனம் அடைத்து நின்றது. நடுவில் இடம் இருந்தது. "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ," என்று கொண்டக்டர் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பாட்டை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பான பயணிகளே," என்று தொடங்கினேன். முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் உடனே சட்டைப் பையில் சில்லறை தேடினார். எங்கள் பஸ்களில் அப்படித் தொடங்குகிறவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாயை மூடிக்கொண்டேன். நிலாவெளி தாண்டி ஒரு தரிப்பிடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். அவரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "அண்ணை, உங்களுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்க இடம் இருக்கு. ஒரு அடி பின்னுக்கு வைப்பீங்களோ? அந்தப் பிள்ளை ஏறவேணும்."

அவர் திரும்பிப் பார்த்தார், ஒரு அடி வைத்தார். அவர் விட்ட இடத்துக்கு மிதிபலகையில் நின்றவர் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அந்தப் பெண் ஏறியபோது வாசல் காலியாக இருந்தது. கொண்டக்டர் தன் பாட்டுத்தான் பலித்தது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் றிஸ்வியா மிஸ்ஸிடம் சொன்னேன். "கூட்டத்திட்டக் கேட்டா கூட்டம் அசையாது மிஸ். ஒரு ஆளிட்ட ஒரு அடி கேட்டனான்."

"சரி," என்றார். அந்த "சரி"யோடு நான் அன்று பகல் முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தேன்.

இனி, ரவீந்திரன் கேட்டதற்கு வருகிறேன்.

குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில், பெருந்தெருவிலிருந்து கடல் பக்கமாக ஒரு ஒடுங்கிய மணல் ஒழுங்கை இறங்குகிறது. அதன் முடிவில் ஒரு மீன்பிடிக் குடியிருப்பு. சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து திரும்பி வந்து, தகரமும் கிடுகும் கொண்டு திரும்பவும் வீடு கட்டிக்கொண்ட சனம். அங்கே சங்கத் தலைவர் யோகராசா அண்ணை. நெடிய ஆள், பேச்சுக் குறைவு, அவர் எழும்பினால் மற்றவர்களும் எழும்புவார்கள். அவருடைய மனைவி தவமணி அக்கா கருவாட்டு வியாபாரம் செய்தார். அவருக்குப் பேச்சுக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு மாரியில் புயல் அறிவித்தல் வந்தது. நான் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போய், "எல்லாரும் வெளிக்கிடுங்கோ" என்று அறிவித்தேன். சனம் உடனே வந்தது. எனக்குப் பெருமை. இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் கரையில் வெயில் எறித்தது. வீடு திரும்பியபோது யோகராசா அண்ணையின் வள்ளத்தில் இருந்த இஞ்சினைக் காணவில்லை. ஆளில்லாத கரையில் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மீளக் குடியேறிய பிறகு அவர் பாடுபட்டுச் சேர்த்த ஒரே சொத்து அது. அதன் பிறகு அவர் மற்றவர்களின் வள்ளங்களில் கூலிக்குப் போனார். குச்சவெளிச் சந்தியில் என்னைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்.

தவமணி அக்கா மாறவில்லை. நேராக வந்து சொன்னார். "சேர், இஞ்சின் போனதுக்கு நீங்கள் என்ன செய்வீங்கள். அதை விடுங்கோ. ஆனா ஸ்பீக்கரில வெளிக்கிடுங்கோ எண்டு கேட்டா நான் மூட்டையைத்தான் தேடுறன். எத்தினை தரம் அப்பிடிக் கேட்டு ஓடினனாங்கள். காத்துக்கு எண்டு ஆருக்குத் தெரிஞ்சது? திரும்பவும் சண்டையோ எண்டுதான் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தனான்."

என் பேச்சுக்கு அவர்கள் வரவில்லை. பழைய பயத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். அது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த மாரியில் மறுபடி அறிவித்தல் வந்தது. இம்முறை முன்னதைவிடக் கடுமையானது. றிஸ்வியா மிஸ் மூதூர்ப் பக்கத்தில் நின்றார். ஃபோனில் சொன்னேன். "மிஸ், அந்தச் சனம் இந்த முறை வராது."

"வராது எண்டுதான் உங்கள அனுப்புறன்," என்றார்.

காலையில் போய்ச் சேர்ந்தோம். முனாஸ் ஒலிபெருக்கியின் வயரை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒழுங்கையால் நடந்து இறங்கினேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரு அலைகூட இல்லை. ஆண்கள் நிழலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளிக் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார்கள். யோகராசா அண்ணை நிமிராமலே கேட்டார்.

"வாங்கோ சேர். இந்த முறை எத்தினை நாளைக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெயிலை என் பக்கம் வைத்து நின்றுகொண்டேன். அதனால் சனம் கடலுக்கு முதுகு காட்டி இருந்தது. அந்த அசையாத கடலைப் பார்த்துக்கொண்டு, புயல் வரும் என்று நான்தான் பேச வேண்டியிருந்தது.

"போன முறை காத்து வரும் எண்டு சொன்னனான். வரேல்லை. நீங்கள் ரெண்டு நாள் பள்ளிக்கூடத்தில கிடந்தீங்கள். அந்த நேரத்துக்குள்ள யோகராசா அண்ணையின்ர இஞ்சினை ஆரோ கொண்டு போயிட்டாங்கள். நீங்கள் கரையில நிண்டிருந்தா அது போயிராது. இப்ப திரும்பி வந்து அதே கதையைத்தான் சொல்லப் போறன். உங்கட இடத்தில இருந்தா நானும் வலையைத்தான் பொத்திக்கொண்டிருப்பன்."

வலை பொத்துகிற ஊசிகள் நின்றன. யாரோ ஒருவர் கேட்டார். "அப்ப இந்த முறையாவது வருமோ?"

"கட்டாயம்" என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டு எழுதிய அறிவித்தல் ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எனக்குத் தெரியாது. கடல் இப்பிடிக் கிடக்கிறதை நானும்தான் பாக்கிறன். வராட்டி என்னைத் திட்டுங்கோ. ஆனா வந்தா நாளைக்குப் பின்னேரம் இந்த இடத்தில ஒருத்தரும் நிக்க ஏலாது. அப்ப என்னைத் திட்டுறதுக்கும் நீங்கள் இருக்கவேணும்."

இப்போதுதான் யோகராசா அண்ணை நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஓடி அலுத்துப் போச்சு சேர். ஷெல்லுக்கு ஓடினம். கடல் ஊருக்குள்ள வந்ததுக்கு ஓடினம். ஒரு முகாமில இருந்து அடுத்த முகாமுக்கு ஓடினம். இப்பதான் ஒரு இடத்தில குந்தி இருக்கிறம்."

நான் மணலில் அவருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, வெளிக்கிடுறதெண்டு வச்சுக்கொள்ளுவம். முதல்ல எதை ஏத்தவேணும்?"

"இஞ்சினை," என்றார், யோசிக்காமலே.

லொறி ஆட்களை ஏற்றுவதற்கு மட்டும்தான். பொருட்கள் ஏற்றக் கூடாது என்பது ஒழுங்கு. நான் அங்கேயே றிஸ்வியா மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"முதல் நடையில இஞ்சின் ஏறட்டும். ரெண்டாம் நடையில சனம் ஏறட்டும். பள்ளிக்கூடத்துல ஒரு அறையத் திறந்து, இஞ்சின அதுக்குள்ள வச்சுப் பூட்டி, சாவிய அவங்களிட்டயே குடுங்க. ஆரும் கேட்டா நான் சொன்ன எண்டு சொல்லுங்க."

"ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார் தவமணி அக்கா.

"என்ர மேலதிகாரி."

"நல்லாக் கதைக்கிறா," என்றார். அன்று காலை முழுக்கப் பேசியவன் நான்.

ஆனாலும் ஒருவரும் எழும்பவில்லை. எல்லாருடைய கண்ணும் யோகராசா அண்ணையின் மேல் இருந்தது. அவருடைய வள்ளத்திலோ ஏற்றுவதற்கு இஞ்சின் இல்லை. நான் அவரிடம் மட்டும், அவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னேன்.

"அண்ணை, உங்களை வெளிக்கிடச் சொல்லிக் கேக்கேல்லை. அந்தச் சாவியை நீங்கள் வச்சிருங்கோ எண்டுதான் கேக்கிறன். இஞ்சினைப் பறிகொடுத்த ஆள் காவல் இருந்தாத்தான் மற்றவைக்கு நம்பிக்கை வரும்."

அவர் தன் வள்ளத்தின் பக்கம் திரும்பினார். அதற்குள் பக்கத்தில் வந்து நின்ற தவமணி அக்கா பேசினார்.

"சாவியை வாங்குங்கோ. பிறகு ஆறுதலா இருந்து கோவிக்கலாம்."

யோகராசா அண்ணை எழும்பி, உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். பக்கத்து வள்ளத்துக்குப் போய், அதன் இஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். அதன் பிறகு அந்தக் கரையில் நான் பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் காற்று வந்தது. பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு மூலை கழன்று பறந்தது. பிள்ளைகளை எல்லாம் நடு வகுப்பறையில் இருத்தித் தாய்மார் செபம் சொன்னார்கள், தேவாரமும் பாடினார்கள். யோகராசா அண்ணை இஞ்சின் அறை வாசலில் ஒரு கதிரை போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, காற்று ஓயும்வரை எழும்பாமல் இருந்தார். மழை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த அதிபரைக்கூட உள்ளே விடவில்லை.

காற்று அடங்கிய பிறகு கரைக்குப் போனோம். வலை பொத்திய இடம் தண்ணீருக்குள் இருந்தது. வீடுகள் இல்லை. வள்ளங்கள் உடைந்தும் கவிழ்ந்தும் ஒழுங்கை வரை சிதறிக் கிடந்தன. முழுதாகத் தப்பியது ஒன்றுதான், யோகராசா அண்ணையுடையது. பனைகளுக்கு நடுவில் யாரோ தூக்கி வைத்ததுபோல் இருந்தது. இஞ்சின் வைத்திருந்தவர்களிடம் வள்ளம் இல்லை. வள்ளம் வைத்திருந்தவரிடம் இஞ்சின் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. பெண்கள் அழுதார்கள். நானும் பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். முனாஸ் அங்கே எனக்கு முதலே நின்றார்.

யோகராசா அண்ணை வள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்தார். "அடுத்த முறை பெரிய லொறியாக் கொண்டு வாரும் தம்பி. வள்ளத்தையும் ஏத்துவம்." அதுவரை நான் அவருக்கு "சேர்". சில வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் இஞ்சின் அவருடைய வள்ளத்தில் ஏறியது. இரண்டு பேரும் பங்குக்குத் தொழிலுக்குப் போனார்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய மாரியில் இன்னோர் அறிவித்தல் வந்தது. வாகனம் ஒழுங்கைக்கு இறங்கியபோதே இஞ்சின்களெல்லாம் றோட்டோரம் வரிசையாக நின்றன. பெண்கள் சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யோகராசா அண்ணையை மட்டும் காணவில்லை. அடுத்த கரையில், அந்த வருடம்தான் புதிதாக வந்து குடியேறியவர்களிடம் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அங்கே போனேன். ஒரு வேப்ப மரத்தடியில் சனம் கூடியிருந்தது. யோகராசா அண்ணை நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட மெதுவாக, என்னைவிடக் குறைவான சொற்களில். நான் முன்னுக்குப் போகத் தொடங்கியபோது தவமணி அக்கா என் கையைப் பிடித்தார்.

"நீங்கள் கொஞ்சம் பேசாம நில்லுங்கோ சேர். அவர் கதைக்கிறார்."

நின்றேன். அவர் பேசி முடித்ததும் ஒரு கிழவனார் முதலில் எழும்பினார், பிறகு எல்லாரும். நானும் முனாஸும் சாக்குகளைத் தூக்கி லொறியில் ஏற்றினோம். போகிற வழியில், கேட்காமலே, முனாஸ் அவர் பேசியதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னார்.

அந்த முறை புயல் வரவில்லை. இரண்டாம் நாள் வெயிலோடு சனம் திரும்பியது. புதுக் கரைச் சனம் லொறியில் வழி நெடுக யோகராசா அண்ணையைத்தான் பிடித்துத் திட்டியது. மீன்பாடு போச்சு, கோழி போச்சு, ஆரைக் கேட்டு எங்களை எழுப்பினீர் என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, என்ன, சிரிக்கிறீரோ?"

"இல்லை அண்ணை," என்று சொல்லிவிட்டு நான் கடலைப் பார்த்தேன்.